உப்பில்லாத கடவுச்சொல்

2011 ஜூன் 19. டோக்கியோவின் மவுண்ட் காக்ஸ் சந்தையில் 17 டாலருக்கு விற்ற பிட்காயின், சில நிமிடங்களில் 1 சென்ட்டுக்குச் சரிந்தது. யாரோ ஒரு கணக்கில் புகுந்து கொட்டி விற்றிருந்தார்கள். சுமார் 60,000 வாடிக்கையாளர்களின் பட்டியலும் கசிந்தது.

அதில் கடவுச்சொற்கள் அப்படியே இல்லை. 'ஹாஷ்' என்ற கணக்கீட்டில் அரைத்த மாவாக இருந்தன. மாவை மறுபடி அரிசியாக்க முடியாதே, பிறகு எப்படி மாட்டின? '123456'ஐ எம்டி5 என்ற ஹாஷ் முறையில் எத்தனை தடவை அரைத்தாலும் அதே 32 எழுத்துக் கோவைதான் வரும். லட்சக்கணக்கான சொற்களை முன்கூட்டியே அரைத்து வைத்துக்கொண்டு ஒப்பிட்டால் திருடனுக்கு வேலை முடிந்தது.

அதனால்தான் அரைக்குமுன் ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு எழுத்துகளைச் சேர்க்கிறார்கள். அதன் பெயரே 'சால்ட்', உப்பு! கசிந்ததில் பழைய கணக்குகள் சில உப்பில்லாமலே கிடந்தன. அதே கடவுச்சொல்லை வேறொரு பிட்காயின் சேவையிலும் வைத்திருந்த சிலர் அங்கே காசை இழந்தார்கள்.

நல்ல உப்பு போட்டாலும் காசு இருப்பது சந்தையின் கையில். 2014 பிப்ரவரியில் திவாலானபோது, சுமார் 8,50,000 பிட்காயின்களைக் காணோம் என்றது மவுண்ட் காக்ஸ். அடுத்த மாதமே 2,00,000 கிடைத்தன, மறந்துபோன பழைய 'வாலட்' என்ற டிஜிட்டல் பணப்பை ஒன்றில்.