ஒளிப்படத் தொகுப்புக்குத் தேவையான கணினி நினைவகம்

ரேம் எனப்படும் நினைவகம், ஒளிப்படத்தைத் திருத்தும்போது அந்தப் படத்தைக் கணினி தற்காலிகமாக வைத்திருக்கும் இடமாகும். படங்களை நிலையாகச் சேமிக்கும் வன்தட்டு வேறு, இது வேறு.

கணக்கிடும் முறை

கோப்பின் அளவைக் கொண்டு தேவையை மதிப்பிட முடியாது. ஜேபெக் கோப்பு சுருக்கப்பட்டது, திறந்ததும் விரியும். ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என 3 பைட்டுகள் தேவை. ஆகவே 24 மெகாபிக்சல் படம் நினைவகத்தில் சுமார் 72 மெகாபைட் இடம் பிடிக்கும்.

எடுத்துக்காட்டு: திருமண ஆல்பம்

கோவில்பட்டி, ஓட்டப்பிடாரம் வட்டாரம் உட்பட தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களில் 12×36 அங்குல ஆல்பம் வழக்கத்தில் உள்ளது. அங்குலத்துக்கு 300 பிக்சல் வீதம் அதன் ஒரு விரிப்பு 3,600×10,800 பிக்சல். ஏறத்தாழ 117 மெகாபைட். முழு அளவில் 10 அடுக்குகள் சேர்ந்தால் 1 ஜிகாபைட்டைத் தாண்டும். இயங்குதளம், உலாவி, செய்த மாற்றத்தைத் திரும்பப் பெறும் வசதி ஆகியவற்றுக்கும் தனியே இடம் வேண்டும்.

தேர்வு

- 8 ஜிகாபைட்: தனிப்படங்களில் ஒளி, நிறம் திருத்த.
- 16 ஜிகாபைட்: ஆல்பம் வடிவமைக்க. போட்டோஷாப்புக்கு அடோபி பரிந்துரைக்கும் அளவும் இதுவே.
- 32 ஜிகாபைட்: பல ரா படங்களை இணைத்து அகலப்படம் உருவாக்க.

நினைவகம் போதாவிட்டால் கணினி வன்தட்டை நாடும். வேலை மிகவும் மெதுவாகும். தேவைக்கு மேல் வாங்கினாலும் வேகம் கூடாது, பணமே வீணாகும். வழக்கமான வேலை நடக்கும்போது விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் நினைவகப் பயன்பாட்டைப் பார்த்து முடிவு செய்யலாம். சில மடிக்கணினிகளில் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அவற்றில் பின்னர் கூட்ட இயலாது என்பதால் வாங்கும்போதே கேட்டறிய வேண்டும்.