மூட்டு மாற்று அறுவையும் இரத்தத் தேவையும்

நம் இல்லங்களில் அறுபதைக் கடந்த தாய்மார்கள் பலர் இன்று நாற்காலியில் அமர்ந்தே தொழுகின்றனர். தேய்ந்துபோன முழங்கால் ஸுஜூதுக்கு இடந்தருவதில்லை. மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு என எப்பகுதியில் வசிப்போருக்கும் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை இன்று எட்டும் தொலைவில்தான் உள்ளது. ஆயினும், "இரத்தத்திற்கு ஏற்பாடு செய்யுங்கள்" என்று மருத்துவர் சொன்னவுடன் குடும்பமே கலங்கிவிடுகிறது.

எல்லோருக்குமா இரத்தம் ஏற்றுகிறார்கள்? இல்லை. அத்தேவை பெரும்பாலும் அறுவைக்குப் பல வாரங்களுக்கு முன்னரே, நோயாளியின் உடலில் முடிவாகிவிடுகிறது.

கணக்கு எளியது. அறுவைக்குப்பின் ஹீமோகுளோபின் 2 அல்லது 3 கிராம் குறைவது இயல்பு. வெளியே தெரியும் இரத்தத்தோடு, மூட்டைச் சுற்றியுள்ள தசைகளுக்குள் கசிந்து மறைவதும் உண்டு. 13 கிராமுடன் செல்பவர் 10 கிராமுடன் மீள்வார். 10 கிராமுடன் செல்பவரோ 7 கிராமுக்கு இறங்கி, இரத்தம் ஏற்றும் நிலையை அடைவார்.

"எங்கள் வீட்டில் இறைச்சிக்குக் குறைவில்லை, இரத்த சோகை எப்படி வரும்?" என்று நீங்கள் கேட்கலாம். தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53 சதவீதத்தினருக்கு இரத்த சோகை இருப்பதை 2019-21 தேசிய குடும்பநல ஆய்வு காட்டியது. உணவு உண்டவுடன் அருந்தும் தேநீர், இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கிறது. மூட்டுவலிக்காக ஆண்டுக்கணக்கில் விழுங்கும் மாத்திரைகள் வயிற்றைப் புண்ணாக்கி, இரத்தத்தைச் சிறிது சிறிதாகக் கசியச் செய்வதும் உண்டு. சிறுநீரக நோயும் ஒரு காரணம்.

வேறு காரணங்களும் உள. இரு முழங்கால்களையும் ஒரே வேளையில் மாற்றுதல், முன்பு பொருத்திய மூட்டை மீண்டும் மாற்றுதல், மெலிந்த உடல், முதிர்ந்த வயது, இரத்தம் உறையாதிருக்க உண்ணும் மருந்துகள் ஆகியவை தேவையைக் கூட்டும். இம்மருந்துகளை நீங்களாக நிறுத்திவிடலாகாது. இதய மருத்துவரைக் கேட்டே செய்ய வேண்டும்.

இரத்த இழப்பைக் குறைக்கும் டிரனெக்சாமிக் அமிலம் என்ற மருந்து, ஜப்பானின் ஒகமோட்டோ தம்பதியர் 1962இல் உலகுக்கு அறிவித்தது. இன்று மூட்டு அறுவைகளில் அது பரவலாகப் பயன்படுகிறது. ஹீமோகுளோபின் 10க்குக் கீழ் வந்தாலே இரத்தம் ஏற்றும் பழைய வழக்கமும் மாறிவிட்டது. பொதுவாக 7, எலும்பு அறுவைக்கு உள்ளானோருக்கும் இதய நோயாளருக்கும் 8 என்பதே இன்றைய எல்லை. ஆகவே, "தெம்புக்கு ஒரு பாட்டில் ஏற்றுங்கள்" என்று மருத்துவரை வற்புறுத்தாதீர்கள். ஏற்றும் இரத்தத்தால் ஒவ்வாமையும், முதியோருக்கு மூச்சுத்திணறலும் நேரக்கூடும்.

உச்சநீதிமன்றத்தின் 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பையடுத்து, இரத்தத்தை விலைக்குத் தரும் தொழில் 1998 முதல் தடை செய்யப்பட்டது. இன்று கிடைக்கும் ஒவ்வொரு பாட்டிலும் யாரோ ஒருவர் மனமுவந்து ஈந்தது. நாம் மிச்சப்படுத்துவது, பிரசவத்தில் உயிருக்குப் போராடும் ஒரு தாய்க்குப் பயன்படலாம்.

எனவே, அறுவைக்கு நாள் குறிக்குமுன் ஹீமோகுளோபினைப் பரிசோதியுங்கள். குறைந்திருந்தால் காரணமறிந்து, சில வாரங்கள் சிகிச்சை பெற்றபின் செல்லுங்கள். யூனானி, சித்த மருந்துகள் உட்பட உண்பவை அனைத்தையும் மருத்துவரிடம் மறைக்காமல் கூறுங்கள். முயற்சியைச் செய்துவிட்டு முடிவை இறைவனிடம் ஒப்படைப்பதே தவக்குல்.