உவர்க்காற்றும் மோட்டார் சைக்கிளின் முன்சில்லும்

புத்தளத்திலிருந்து பாலாவி வழியாகக் கற்பிட்டிக்குச் செல்வோர், ஒருபுறம் களப்பும் மறுபுறம் கடலும் சூழ்ந்த அந்நிலத்தின் உவர்க்காற்றை நன்கறிவர். உப்பை விளைவிக்கும் வெயிலும் காற்றும் அங்கே இரும்பையும் அரிக்கின்றன. மீன்பெட்டி கட்டிச் செல்லும் வியாபாரிக்கும், மனைவி மக்களை ஏற்றிச் செல்லும் குடும்பத் தலைவருக்கும் மோட்டார் சைக்கிளே துணை. ஆதலின் அதன் முன்பிறேக்கையும், முன்சில்லைத் தாங்கும் இரு குழாய்களாகிய போர்க்கையும் பேணுதல் இன்றியமையாதது.

வண்டியை நிறுத்துங்கால் பாரம் முன்னோக்கிச் சாய்கிறது. நிறுத்தும் வலுவின் பெரும்பங்கு முன்பிறேக்கினுடையதே. எனினும், அதைப் பிடித்தால் வண்டி கவிழும் என்றஞ்சி, பழுதானபடியே விட்டுவைப்போர் நம்மிடையே உளர். இது பேராபத்து.

வண்டி ஒருமுறை சரிந்து விழுந்தபின், கைபிடி ஒருபக்கமாகவும் சில்லு மறுபக்கமாகவும் நோக்குவதுண்டு. போர்க் வளைந்துவிட்டதெனப் பதற வேண்டா. பல வேளைகளில் அது தன் பிடிகளுக்குள் திருகியிருக்குமேயன்றி வளைந்திராது. கண்ணாடித் துண்டொன்றை இரு குழாய்கள்மீதும் குறுக்கே வைத்துப் பாருங்கள். அது ஆடுமாயின் குழாய்கள் ஒருதளத்தில் இல்லை.

வண்டியை நடுத்தாங்கியில் நிறுத்தி, குழாய்கள் மேற்பிடியில் நிற்கும் உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் பிடிகளின் ஆணிகளையும், மட்காட் ஆணிகளையும், அச்சின் நட்டையும் கழற்றாது சற்றே நெகிழ்த்துக. சில்லை முழங்கால்களுக்கிடையே இறுக்கி, கைபிடியை நேராகும்வரை திருப்புக. குறித்த உயரம் மாறாதிருக்கக் கண்டு, பிடிகளை இறுக்குக. வண்டியை இறக்கி, போர்க்கை நாலைந்து முறை அமிழ்த்தி எழவிட்டு, எஞ்சியவற்றை இறுக்குக. டிரம் பிறேக்காயின், பிறேக்கைப் பிடித்தபடியே அச்சின் நட்டை இறுக்கினால், உள்ளிருக்கும் கட்டைகள் நடுவில் அமையும்.

டிஸ்க் பிறேக்கிலோ, உப்பேறி இறுகிய ஊசிகளே பெரும்பாலும் தொல்லை தருவன. நன்னீரால் கழுவித் துடைத்து, அவ்வூசிகளுக்கு மட்டும் பிறேக்குக்குரிய கிறீஸ் இடுக; கட்டையிலோ தட்டிலோ அது படலாகாது. பிறேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டொட் 4 வகையின் கொதிநிலை புதிதில் 230 பாகை சென்ரிகிரேட்டுக்குக் குறையாது. ஈரமேறியபின் 155 வரை இறங்கக்கூடும். ஆதலின் இரண்டாண்டுக்கு ஒருமுறை அதனை மாற்றுதல் நன்று.

இனி, வீட்டில் செய்யத் தகாதவையும் உள. உண்மையாகவே வளைந்த குழாயை அடித்து நிமிர்த்தலாகாது. துருப்புள்ளி கண்ட குழாய், ரப்பர் வளையத்தைக் கிழித்து எண்ணெயை ஒழுகவிடும். அது தட்டில் படின் பிறேக் பிடிக்காது. இவற்றையும், பிடியை அழுத்துகையில் பஞ்சுபோல் அமுங்கும் பிறேக்கையும் தேர்ந்த மெக்கானிக்கிடம் ஒப்படையுங்கள்.

வேலை முடிந்ததும் ஆளற்ற ஒழுங்கையில், மெதுவாக, தனியே ஓட்டி, பலமுறை நிறுத்திப் பாருங்கள். மனைவி மக்கள் ஏறுவது அதன் பின்னரே.