நேரான சாலையில் ஏன் இத்தனை விபத்துகள்?

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரிக்குப் போயிருக்கிறீர்களா? மரக்காணத்தருகே உப்பளங்கள் விரிந்து கிடக்கும். பாத்திகளில் வெயில் பளிச்சிடும். பார்வைக்கு எட்டியவரை வெட்டவெளி. மேலும் தெற்கே வந்தால் பெரிய முதலியார்சாவடி. இங்கே காட்சியே வேறு. ஒருபுறம் கடலோரக் குடியிருப்புகள், மறுபுறம் ஆரோவில்லுக்குப் பிரியும் வழி, சாலையோரக் கடைகள், சைக்கிளில் செல்லும் பிள்ளைகள். ஆனால், சாலை ஒன்றே. வெட்டவெளியில் பறந்து வந்த வாகனம்தான் ஊருக்குள்ளும் நுழைகிறது.

2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் 4,61,312 சாலை விபத்துகள் நிகழ்ந்தன. 1,68,491 பேர் இறந்தனர். தமிழ்நாட்டில் மட்டும் 64,105 விபத்துகள். மாநிலங்களுள் இதுவே மிக அதிகம். இறந்தவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். இன்னொரு வியப்பு: மூன்றில் இரண்டு பங்கு விபத்துகள் நேரான சாலைகளிலேயே நடந்தன! நேரான சாலைகளின் நீளம் அதிகம் என்பது ஒரு காரணம். மற்றொரு காரணம் வேகம்.

கண் செய்யும் ஏமாற்று

ஓடும் பேருந்தில் சன்னலோர மரங்கள் விர்ரென்று பின்னோக்கி ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். தொலைவிலுள்ள பனைமரமோ மெல்ல நகரும். அருகிலுள்ள பொருள்கள் ஓடும் விரைவைக் கொண்டே நம் கண் வேகத்தை மதிப்பிடுகிறது. வெட்டவெளியில் அத்தகைய அடையாளங்கள் குறைவு. ஆகவே வேகம் குறைவாகத் தோன்றும். மேலும், நெடுநேரம் விரைவாக ஓட்டியவருக்கு 60 கி.மீ. வேகம்கூட ஊர்வதுபோல் இருக்கும். ஆகவே ஊருக்குள் நுழையும்போது கண்ணை நம்பாமல் வேகமானியைப் பார்க்க வேண்டும்.

ஒரு சிறு கணக்கு

இரண்டு கார்கள் அருகருகே செல்வதாகக் கொள்வோம். ஒன்றின் வேகம் மணிக்கு 60 கி.மீ. (வினாடிக்கு 16.7 மீட்டர்); மற்றதன் வேகம் 80 கி.மீ. (வினாடிக்கு 22.2 மீட்டர்). திடீரென ஒரு சிறுவன் சாலையில் ஓடி வருகிறான். ஓட்டுநர் அவனைக் கண்டு, பிரேக்கை மிதிக்க ஒரு வினாடி ஆகிறது. அந்த ஒரு வினாடியும் கார் முழு வேகத்தில் ஓடும்! பிறகு, நல்ல டயரும் உலர்ந்த தார்ச்சாலையும் இருந்தால், வேகம் வினாடிக்கு வினாடி 7 மீட்டர் வீதம் குறையும்.

v² = u² – 2as என்ற சமன்பாட்டை நீங்கள் அறிவீர்கள். அதன்படி முதல் கார் 16.7 + 19.8, அதாவது 36.5 மீட்டரில் நின்றுவிடும். இரண்டாவது காருக்கு 22.2 + 35.3, அதாவது 57.5 மீட்டர் தேவை.

சிறுவன் 37 மீட்டர் தொலைவில் இருந்தால் முதல் கார் அவனைத் தொடாமல் நின்றுவிடும். அதே இடத்தில் இரண்டாவது காரின் வேகம் என்ன? கணக்கிட்டுப் பாருங்கள். ஏறக்குறைய 60 கி.மீ.! முதல் கார் முற்றிலும் நின்ற இடத்தில், இது அந்தக் காரின் தொடக்க வேகத்திலேயே மோதுகிறது. வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடியது. இயக்க ஆற்றலோ 1.8 மடங்காகிவிட்டது.

மழையில் உராய்வு பாதியாகக் குறைந்தால், பிரேக் பிடித்தபின் ஓடும் தூரம் இரட்டிக்கும். மது, தூக்கக் கலக்கம், கைப்பேசி ஆகியவை பிரேக்கை மிதிக்கும் முன் கழியும் அந்த ஒரு வினாடியை இரண்டு, மூன்றாக நீட்டிவிடும்.

தலைக்கவசத்தின் வேலை

1935-இல் "அரேபியாவின் லாரன்ஸ்" எனப் புகழ்பெற்ற டி. இ. லாரன்ஸ் மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் அடிபட்டு இறந்தார். அவருக்குச் சிகிச்சை அளித்தவர்களுள் ஒருவரான ஹியூ கெய்ர்ன்ஸ் என்ற அறுவை மருத்துவர், பின்னர் இத்தகைய காயங்களை ஆராய்ந்து, தலைக்கவசம் உயிர் காக்கும் என்பதை 1941-இல் எடுத்துக்காட்டினார்.

எப்படிக் காக்கிறது? ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து தலை தரையில் மோதி, 3 மில்லிமீட்டருக்குள் நிற்பதாகக் கொள்வோம். 1500-ஐ 3-ஆல் வகுத்தால் 500. புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் 500 மடங்கு எதிர்முடுக்கம் மூளையைத் தாக்கும். கவசத்தின் உள்ளே தெர்மோகோல் போன்ற திண்டு உண்டு. அது நசுங்கி, தலை நிற்கும் தூரத்தை 25 மில்லிமீட்டராக்கினால் தாக்குதல் 60 மடங்காகக் குறையும். ஆனால் தாடைப் பட்டையை மாட்டாவிட்டால், கவசம் ஒரு பக்கமும் தலை ஒரு பக்கமும் போகும்.

கவசம் அணிவதால் இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 42 விழுக்காடு குறைகிறது என்று ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் கண்டிருக்கிறார்கள். 1959-இல் நில்ஸ் போலின் என்ற சுவீடன் நாட்டுப் பொறியாளர் வடிவமைத்த மூன்று முனை இருக்கைப் பட்டைக்கும் தத்துவம் இதுவே: உடல் நிற்கும் தூரத்தை நீட்டு, விசையைக் குறை.

நீங்களே செய்து பாருங்கள்

நண்பர் ஓர் அளவுகோலைச் செங்குத்தாகத் தொங்கவிடட்டும். அதன் சுழிக் குறிக்கு நேரே உங்கள் விரல்களைத் தொடாமல் வைத்திருங்கள். அவர் சொல்லாமல் விட்டதும் பிடியுங்கள். 20 செ.மீ. விழுந்திருந்தால் நீங்கள் எடுத்துக்கொண்ட நேரம் 0.2 வினாடி. எதிர்பார்த்துக் காத்திருந்தபோதே இவ்வளவு! எதிர்பாராத வேளையில், கால் பிரேக்குக்கு நகரவும் வேண்டுமென்றால்?

அடுத்து, பள்ளி மைதானத்தில் 57 மீட்டரை நாடாவால் அளந்து, இரு முனைகளிலும் ஒவ்வொருவர் நில்லுங்கள். எதிர்முனையில் நிற்பவர் எவ்வளவு சிறியவராகத் தெரிகிறார் என்று பாருங்கள். இனிச் சாலையைக் கடக்கும்போது, "கார் தூரத்தில்தானே வருகிறது" என்று எண்ணுமுன் அந்த 57 மீட்டர் உங்கள் நினைவுக்கு வரட்டும்.