பந்தயக் குதிரையும் குதிரைக்காரரும்



சிங்கப்பூர் தேக்காவுக்குப் போய் வந்தவர்கள் ரேஸ் கோர்ஸ் சாலையைப் பார்த்திருப்பீர்கள். மீன் தலைக் கறிக்குப் பேர்போன சாலை அது. இன்று அங்கே ஒரு குதிரையும் கண்ணில் படாது. ஆனால் 1842-ஆம் ஆண்டில் சிங்கப்பூரிலிருந்த வெள்ளைக்காரர்கள் ஒரு சங்கம் அமைத்து, அடுத்த ஆண்டு முதல் குதிரைப் பந்தயம் நடத்தியது அந்தப் பக்கத்தில்தான். இன்றைய ஃபேரர் பார்க் அன்றைய பந்தயத் திடல். 1933-இல் பந்தயம் புக்கிட் தீமாவுக்குப் போயிற்று. 1999-இல் வடக்கே கிராஞ்சிக்குப் போயிற்று. சாலையின் பெயர் மட்டும் தேக்காவிலேயே தங்கிவிட்டது.

குதிரைப் பந்தயம் என்றதும் நம் தாய்மார்கள் முகம் சுளிப்பார்கள். நியாயந்தான். சம்பளப் பணத்தைக் குதிரையில் கட்டிவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பியவர்களை நானும் பார்த்திருக்கிறேன். பணம் கட்டுவதைப் பற்றி நான் பேச வரவில்லை. குதிரையைத் தயார் செய்கிறவர்களின் வேலையைச் சொல்ல வந்தேன். அது நம் வேலைக்கு மிகவும் நெருங்கியது.

எப்படி என்கிறீர்களா? வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்று நாம் இருட்டிலேயே பெரட்டுக்குக் கிளம்புகிறோம். வெயில் ஏறினால் குதிரையின் உடற்சூடு தணியாது என்று அவர்களும் இருட்டிலேயே அதை வெளியே கொண்டு வருகிறார்கள். சிங்கப்பூரில் ஓடிய குதிரைகளில் பெரும்பாலானவை ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் பிறந்தவை. நம் பக்கத்துப் புழுக்கத்தில் சில குதிரைகளுக்கு நாளடைவில் வியர்ப்பதே நின்றுபோகும். வியர்வை நின்றால் சூடு வெளியேற வழியில்லை. அதனால்தான் ஓடி வந்த குதிரையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, மூச்சு அடங்கும்வரை நடத்திக்கொண்டே இருப்பார்கள். கிராஞ்சியில் குதிரைகளுக்கென்றே ஒரு நீச்சல் குளமும் இருந்தது. நீரில் நீந்தும் குதிரைக்கு மூச்சுப் பயிற்சி உண்டு, காலில் பாரம் இல்லை.

குதிரைக்காரரை மலாய் மொழியில் சைஸ் என்பார்கள். காலையில் லாயத்துக்குள் நுழைந்ததும் அவர் தீனித் தொட்டியைப் பார்ப்பார். மிச்சம் கிடந்தால் உடம்புக்கு ஏதோ ஆகாது என்று பொருள். பிறகு குனிந்து, ஒவ்வொரு காலையும் முழங்காலிலிருந்து குளம்புவரை உள்ளங்கையால் தடவுவார். ஓரிடத்தில் மட்டும் சூடு தட்டினால் அன்று ஓட்டம் கிடையாது.

காலுக்கு ஏன் இவ்வளவு கவனம்? பந்தயக் குதிரையின் எடை 500 கிலோ அளவில் இருக்கும். நாலுகால் பாய்ச்சலில் ஒரு கணம் அந்தப் பாரமெல்லாம் ஒற்றைக் காலில் விழுகிறது. முழங்காலுக்குக் கீழே சதைப்பற்று இல்லை. எலும்பும் தசைநாரும் தோலுந்தான். இங்கேதான் பயிற்சியின் சூட்சுமம் இருக்கிறது. சில வாரம் ஓட்டினாலே நெஞ்சும் சதையும் பழகிவிடும். எலும்பும் தசைநாரும் உரமேற மாதக்கணக்கில் ஆகும். ஆகவே குதிரைக்கு ஓடும் ஆசை முதலில் வரும். தாங்கும் கால் பின்னால்தான் வரும். அந்த இடைக்காலத்தில் அவசரப்பட்டு விரட்டினால் கால் போய்விடும். கால் முறிந்தால் பசுவைப் போலக் குதிரையைப் பல நாள் படுக்க வைக்க முடியாது. எடை மற்றக் கால்களில் ஏறி அந்தக் குளம்புகளும் கெட்டுவிடும். பெரும்பாலும் உயிரையே முடிக்க வேண்டி வருகிறது.

வளர்க்கத் தெரியாவிட்டால் எத்தனை குதிரை வாங்கினாலும் பயனில்லை. இதற்குச் சான்று நம் பாண்டிய நாட்டிலேயே உண்டு. 13-ஆம் நூற்றாண்டில் அந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் கப்பல் கப்பலாகக் குதிரைகள் வந்து இறங்கியதையும், அவை விரைவிலேயே மாண்டுபோனதையும் எழுதியிருக்கிறார். வேகவைத்த சோற்றையும் இறைச்சியையும் தீனியாகப் போட்டார்களாம்! குதிரையின் இரைப்பை சிறியது. அதற்கு வாந்தியெடுக்கவும் வராது. புல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுவதும் தின்னப் படைக்கப்பட்ட வயிறு அது.

புக்கிட் தீமாவிலும் கிராஞ்சியிலும் நடந்தவை சமதரை ஓட்டங்கள். இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் தடை தாண்டும் ஓட்டம் உண்டு. 1752-இல் அயர்லாந்தில் இருவர் ஒரு தேவாலயக் கோபுரத்தைக் குறியாக வைத்து, சுவரும் பள்ளமும் தாண்டி இன்னொரு தேவாலயம்வரை குதிரை ஓட்டினார்கள். அதனால்தான் அதற்குக் கோபுர ஓட்டம் என்று பொருள்படும் ஸ்டீப்பிள்சேஸ் என்ற பெயர். அந்தக் குதிரைக்கு முதற்பாடம் தரையில் கிடக்கும் ஒரு கட்டையைத் தாண்டி நடப்பது. கட்டை சிறிது சிறிதாக உயரும். பந்தயத்தில் அது நாலரை அடி வேலியாகிவிடும். குதிரைக்குக் கண் தலையின் இருபுறமும் இருப்பதால், தாவும் கணத்தில் தடை மறைந்துவிடும். சற்று முன் பார்த்த கணக்கை நம்பியே அது கால் தூக்குகிறது.

சவுத்போர்ட் என்ற ஊரில் வாடகைக் கார் ஓட்டியும் பழைய கார் விற்றும் பிழைத்த ஜிஞ்சர் மெக்கெய்ன் என்பவரிடம், குளம்பெலும்பில் நோய் கண்ட ரெட் ரம் என்ற குதிரை வந்தது. அவர் அதைக் கடற்கரை மணலில் ஓட்டினார், கடல்நீரில் நடக்க விட்டார். அந்தக் குதிரை 30 தடைகள் கொண்ட கிராண்ட் நேஷனல் பந்தயத்தில் 1973, 1974, 1977 என மூன்று முறை வென்றது.

சிங்கப்பூரில் 2024 அக்டோபர் 5-ஆம் தேதி கடைசிப் பந்தயம் ஓடியது. நிலம் வீடு கட்டவும் பிற தேவைகளுக்கும் போகிறது. சைஸ் வேலை பார்த்தவர்களில் மலேசியாவிலிருந்து சென்றவர்கள் பலர். லாயத்தை ஒட்டிய குடியிருப்பில் இருந்தவர்களுக்கு வேலையோடு வீடும் போயிற்று. தோட்டத் துண்டாடலைக் கண்ட நம் பெரியவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. குதிரைகளில் பல லாரியிலும் விமானத்திலும் வேறு நாடுகளுக்குப் போயின. சில சவாரிப் பள்ளிகளுக்குப் போயின. அங்கே பாடம் தலைகீழ். கதவு திறந்ததும் பாயப் பழகிய குதிரை, ஒரு சிறுபிள்ளை சேணத்தில் ஏறி உட்காரும்வரை அசையாமல் நிற்கக் கற்க வேண்டும். அதற்கும் மாதக்கணக்கில் ஆகும்.