ஸ்டார்ம்ட்ரூப்பர் கவச நகல்கள்

ஸ்டார்ம்ட்ரூப்பர் கவசம் என்பது 1977இல் வெளியான ஸ்டார் வார்ஸ் திரைப்படத்தில் பேரரசின் படைவீரர்கள் அணிந்த வெண்ணிற உடையாகும். ரால்ப் மெக்குவாரியின் ஓவியங்களைப் பின்பற்றிக் களிமண் மாதிரிகள் செய்யப்பட்டன. அவற்றைக் கொண்டு இங்கிலாந்தில் ஆண்ட்ரூ ஐன்ஸ்வொர்த் படத்துக்கான தலைக்கவசங்களை உருவாக்கினார்.

செய்முறை

சூடேற்றி இளக்கிய பிளாஸ்டிக் தகட்டை அச்சின்மேல் விரித்து, இடையிலுள்ள காற்றை உறிஞ்சி எடுப்பர். தகடு அச்சோடு படிந்து வடிவம் பெறும்.

தரமும் மூலமும்

நகலிலிருந்து மீண்டும் அச்செடுத்தால், ஒவ்வொரு முறையும் தகட்டின் தடிமன் கூடிச் சேரும், விளிம்புகள் மழுங்கும், நுண்ணிய கோடுகள் மறையும். எனவே மூல அச்சுக்கு எத்தனை தலைமுறை நெருக்கம் என்பதே தரத்தின் முதல் அளவுகோல். படத்தில் பயன்பட்ட தலைக்கவசங்களின் இடப்பக்கமும் வலப்பக்கமும் சற்றே வேறுபட்டவை. இருபுறமும் துல்லியமாக ஒத்திருக்கும் நகல், பெரும்பாலும் புதிதாக வடிவமைக்கப்பட்டதே. ஆக, மூலத்தின் குறையே நகலின் பூர்வீகத்துக்குச் சான்றாகிறது.

வழக்கு

ஐன்ஸ்வொர்த் பின்னாளில் நகல்களை விற்றதால் லூகாஸ்பிலிம் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. தலைக்கவசம் சிற்பமன்று, படத்துக்கான பயன்பொருளே என்று பிரித்தானிய உச்ச நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்தது. இதனால் அந்நாட்டுச் சட்டப்படி சிற்பத்துக்குரிய பதிப்புரிமை அதற்குக் கிடைக்கவில்லை. எனினும், அமெரிக்கப் பதிப்புரிமை மீறலை ஆங்கில நீதிமன்றங்கள் விசாரிக்கலாம் என்றும் அதே தீர்ப்பு கூறியது.