கடலாய்வு செடெனாக்கில் தொடங்க வேண்டும்

செடெனாக்கில் நின்று பார்த்தால் கடல் தெரியாது. செம்பனைத் தோட்டங்கள், இடையிடையே மண்ணை வெட்டிச் சமன்செய்த வெளிகள், அவற்றில் எழும்பிக்கொண்டிருக்கும் தரவு மையங்கள் என்று இருக்கும் கூலாய் மாவட்டத்தின் இந்தப் பகுதியைக் கடலோடு சேர்த்துப் பேச யாருக்கும் எளிதில் தோன்றாது. ஆனால் ஸ்கூடாய் ஆறு பிறப்பது இந்த வட்டாரத்தில்தான். கூலாய், செனாய், ஸ்கூடாய் என்று ஊர் ஊராகக் கடந்து, ஏறத்தாழ 45 கிலோமீட்டர் ஓடி, டங்கா பே பக்கம் ஜோகூர் நீரிணையில் கலக்கிறது. இதே மேட்டின் மறுசரிவில் பெய்யும் மழையோ சாயோங் ஆற்றின் வழியே ஜோகூர் ஆற்றைச் சேர்ந்து, நீரிணையின் கிழக்குப் பக்கம் போகிறது. ஜோகூரையும் சிங்கப்பூரையும் இணைக்கும் கடற்பாலத்துக்கு மேற்கே ஒரு வாசல், கிழக்கே ஒரு வாசல். இரண்டுக்கும் தண்ணீர் அனுப்பும் ஊர் இது. ஜோகூர் கடலோரத்தின் எதிர்காலத்தைப் பற்றி ஆராய்கிறவர்கள் படகுத்துறையில் மட்டும் வேலையைத் தொடங்கினால் பாதிக் கணக்கு விட்டுப்போகும்.

மலேசியப் பல்கலைக்கழகங்களில் கடலாய்வுக்குக் குறைவில்லை. மலாயாப் பல்கலைக்கழகத்துக்குக் கிளந்தானின் பாச்சோக்கில் கடலாய்வு நிலையம் உண்டு. புத்ரா பல்கலைக்கழகத்தின் ஜாப்பார் சிடிக் பூஜாங், முத்தா ஹாரா ஸக்காரியா போன்றோர் பூலாய் ஆற்று முகத்துவாரத்தை ஒட்டிய மெராம்போங் திட்டின் கடற்புல்லை ஆண்டுக்கணக்கில் பதிவு செய்திருக்கிறார்கள். மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் மஸ்லான் ஹாஷிமும் ஷரிஃபுடின் மிஸ்பாரியும் அதே திட்டின் 2009, 2013 ஆம் ஆண்டுச் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு, நீருக்கடியில் இருக்கும் புல்லின் திரளை வானிலிருந்தே கணக்கிடும் முறையை 2016-இல் வெளியிட்டார்கள். இன்னொரு பக்கம், ஸ்கூடாயில் இருக்கும் அதே தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் நீர்வளத் துறையினர் தங்கள் வாசலில் ஓடும் ஆற்றை அளந்து அளந்து ஆய்வேடுகள் எழுதிவருகிறார்கள். ஆற்றுக்காரர்கள் முகத்துவாரத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கடல்காரர்கள் முகத்துவாரத்திலிருந்து தொடங்குகிறார்கள். நடுவில் இருக்கும் கோடு துறைகள் போட்ட கோடு. ஓடுகிற தண்ணீருக்கு அப்படி ஒரு கோடு கிடையாது.

ஜோகூர் நீரிணையில் இந்தப் பிரிவினை ஏன் கூடுதலாக உறுத்துகிறது என்பதற்கு அதன் அமைப்பே காரணம். 1924-இல் திறக்கப்பட்ட கடற்பாலம் தூண்களின் மேல் நிற்கும் பாலமன்று. கல்லும் மண்ணும் கொட்டி எழுப்பிய கரை. அன்றுமுதல் நீரிணை இரண்டு முட்டுச்சந்துகளாகிவிட்டது. ஏற்றத்தில் வரும் நீர் வந்த வழியே திரும்புகிறது. ஊடே ஓடிக் கழுவிவிடும் நீரோட்டம் இல்லை. பாலத்தை நெருங்க நெருங்க நீர் புதுப்பிக்கப்படும் வேகம் குறைகிறது. ஸ்கூடாய் ஆறு கொண்டுவந்து கொட்டுவதும் இந்த மேற்கு முட்டுக்குள்தான். 2014 பிப்ரவரியில் மேற்கு நீரிணையில் கூண்டுகளில் வளர்த்த மீன்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. லிம் போ டீன், லியாவ் சுய் பின் ஆகியோர் அடங்கிய ஆய்வுக் குழு, கார்லோடினியம் ஆஸ்திராலே என்ற நுண்பாசியின் பெருக்கத்தோடு அந்த இழப்பைத் தொடர்புபடுத்தி அதே ஆண்டில் கட்டுரை வெளியிட்டது. அடுத்த ஆண்டு, 2015 பிப்ரவரியில், கிழக்கு நீரிணையில் சிங்கப்பூர்ப் பண்ணைகள் நூற்றுக்கணக்கான டன் மீனை இழந்தன. கூண்டு மீனுக்குத் தப்பியோட வழியில்லை. பெர்லிங் பக்கம் பாக்கார் பத்துவில் சிப்பியும் நண்டும் எடுத்துப் பிழைக்கும் ஓராங் செலேத்தார் மக்களுக்கும் போக வேறு கடல் இல்லை.

நுண்பாசி பெருக வெயிலும் அசையாத நீரும் போதா. அதற்குத் தீனி வேண்டும். நைட்ரஜனும் பாஸ்பரஸும்தான் அந்தத் தீனி. இவை இரண்டும் பெரும்பாலும் நிலத்திலிருந்து வருகின்றன: சாக்கடை, சோப்புத்தூள், தோட்டத்து உரம், ஆலைக் கழிவு. அப்படியானால் ஆறு எவ்வளவு கொண்டுபோகிறது என்பதை நாம் அளந்துகொண்டிருப்போம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். இங்கேதான் சிக்கல். மலேசியச் சுற்றுச்சூழல் துறை ஓர் ஆற்றைச் சுத்தம், ஓரளவு மாசு, மாசு என்று தரம் பிரிக்கப் பயன்படுத்தும் நீர்த் தரக் குறியீட்டில் ஆறு அளவைகள் இருக்கின்றன: கரைந்த ஆக்சிஜன், உயிர்வேதி ஆக்சிஜன் தேவை, வேதி ஆக்சிஜன் தேவை, அம்மோனியா நைட்ரஜன், மிதக்கும் திடப்பொருள், அமிலகாரத் தன்மை. பாஸ்பேட் இல்லை. நைட்ரேட்டும் இல்லை. கடல்நீருக்கென்று அதே துறை வைத்திருக்கும் குறியீட்டிலோ இரண்டும் இருக்கின்றன. ஆற்றை ஒரு கோலாலும் அது போய்ச் சேரும் கடலை வேறொரு கோலாலும் அளந்தால் இரண்டு கணக்கும் எப்படி ஒட்டும்?

இது ஏட்டுக் குறை மட்டுமன்று. சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவுநீரில் காற்றை ஊதும்போது நுண்ணுயிர்கள் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. அம்மோனியா குறையும், ஆற்றின் குறியீடு ஏறும், அறிக்கையில் ஆறு ஒரு வகுப்பு மேலே போகும். ஆனால் நைட்ரேட்டை மேலும் சிதைத்து நைட்ரஜன் வாயுவாக வெளியேற்றும் அடுத்த கட்டம் அந்த நிலையத்தில் இல்லாவிட்டால், கடலுக்குப் போகும் நைட்ரஜன் ஏறத்தாழ அப்படியே இருக்கும். ஆறு தேறுகிறது, கடல் தேறவில்லை. சட்டமும் இதே சாயலில்தான் எழுதப்பட்டிருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கழிவுநீர் விதிகளில் பாஸ்பரஸுக்கு வரம்பு உண்டு. ஆனால் அது ஏரி, குளம் போன்ற அடைபட்ட நீர்நிலைகளில் விடும் கழிவுக்கு மட்டும். ஆற்றில் விட்டால் அந்த வரம்பு கிடையாது. ஆறு ஓடிப்போய் அகன்ற கடலில் கரைந்துவிடும் என்ற எண்ணம் அதற்குப் பின்னால் இருக்கிறது. ஸ்கூடாய் ஆறு போய்ச் சேருமிடம் அகன்ற கடலா என்பதை வரைபடம் பார்த்தே சொல்லிவிடலாம்.

அளவிடும் நேரமும் அளவைகளைப் போலவே முக்கியம். மாதத்துக்கு ஒருநாள், பெரும்பாலும் மழையில்லாத பகலில், பாலத்திலிருந்து குப்பியை இறக்கி எடுக்கும் நீர் அந்த நேரத்துச் செறிவைச் சொல்லும். கடலுக்கு வேண்டிய விவரம் செறிவு அன்று, சுமை. அதாவது செறிவை நீரோட்டத்தால் பெருக்கி வருவது. ஓர் உதாரணத்துக்கு, லிட்டருக்கு அரை மில்லிகிராம் பாஸ்பரஸ் உள்ள ஆறு விநாடிக்கு 10 கனமீட்டர் ஓடினால், ஒரு நாளில் 432 கிலோ பாஸ்பரஸைக் கொண்டுபோகும். மழை கொட்டி நீரோட்டம் பன்மடங்கானால், செறிவு பாதியாகக் குறைந்தாலும் சுமை கூடத்தான் செய்யும். தோட்டத்து வாய்க்காலிலும் கட்டுமானத் தளத்திலும் படிந்து கிடந்ததெல்லாம் மழையின் முதல் மணி நேரத்தில்தான் இறங்குகிறது. பாஸ்பரஸ் மண் துகளோடு ஒட்டிக்கொண்டு போகிற பொருள் என்பதால் செம்மண் கலங்கல் என்றாலே பாஸ்பரஸும் கூடவே போகிறது. அந்த நேரத்தில் பாலத்தில் குப்பியோடு யாரும் நிற்பதில்லை. நிற்கச் சொல்வதும் நியாயமில்லை. தானியங்கி மாதிரிக் கருவிகள் எதற்கு இருக்கின்றன?

செடெனாக்கில் இன்று நடப்பதை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். செம்பனை ஆலையின் மூலக் கழிவுநீரின் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை லிட்டருக்கு 25,000 மில்லிகிராம் அளவுக்கு இருக்கும். வீட்டுச் சாக்கடையைவிட நூறு மடங்கு கடுமை. 1977-இல் வந்த செம்பனை ஆலை விதிகள் 5,000-இல் தொடங்கிப் படிப்படியாக 100-க்கு இறக்கின. அந்தக் காலத்துக்கு அது துணிச்சலான நடவடிக்கை என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அந்த விதிகளிலும் நைட்ரஜனுக்கு வரம்பு இருக்கிறது, பாஸ்பரஸுக்கு இல்லை. விதி இருந்தும் விபத்து நடக்கிறது: 2019 ஏப்ரலில் ஜோகூர் ஆற்றில் அம்மோனியா எகிறி நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் நிறுத்தப்பட்டபோது, மேல்பகுதிச் செம்பனை ஆலைக் கழிவுதான் காரணமாகச் சுட்டப்பட்டது. அப்போதும் எல்லாரும் கேட்டது குழாய்த் தண்ணீர் எப்போது வரும் என்றுதான். அதே அம்மோனியா கோத்தா திங்கியைத் தாண்டி முகத்துவாரத்தில் என்ன செய்தது என்பது செய்தியாகவில்லை. இப்போது தரவு மையங்கள். தண்ணீரை அளவுக்கு மீறிக் குடிக்கும் வகை மையங்களுக்கு இனி அனுமதி இல்லை என்று ஜோகூர் அரசு 2025-இல் அறிவித்தது நல்லதுதான். ஆனால் பேச்சு முழுக்க உள்ளே போகும் தண்ணீரைச் சுற்றியே நடக்கிறது. குளிரூட்டும் கோபுரத்தில் நீர் ஆவியாக ஆவியாக உப்பு செறிந்துகொண்டே வரும். குறிப்பிட்ட அளவுக்கு மேல் போனால் அதை வடித்துவிட்டுப் புதுநீர் சேர்க்க வேண்டும். துரு பிடிக்காமலும் பாசி கட்டாமலும் இருக்கச் சேர்க்கும் மருந்துகள் அந்த வடிநீரில் இருக்கும். அவற்றில் பாஸ்பரஸ் அடிப்படையிலான சேர்மங்களும் உண்டு. அது எங்கே போகிறது, எப்படிச் சுத்தமாகிறது என்பதும் அனுமதிப் பேச்சில் அதே அளவு இடம் பெற வேண்டும்.

பாசிப் பெருக்கத்துக்குக் காரணம் ஒன்றல்லவே என்று கடலறிஞர்கள் சிலர் மறுக்கலாம். மறுப்பு சரியானது. ஏற்றவற்றத்தின் வலிமை, மழைக்குப்பின் நன்னீர் மேலாகப் படிந்து உப்புநீரை மூடுவது, கூண்டுகளில் கொட்டும் தீவனம், சிங்கப்பூர்ப் பக்கத்து வரத்து, தெப்ராவ், பூலாய் போன்ற பிற ஆறுகள் எல்லாம் சேர்ந்துதான் ஒரு பெருக்கம் உருவாகிறது. 2014-இல் செத்த மீனுக்குச் செடெனாக்கைப் பொறுப்பாக்க எந்தச் சான்றும் இல்லை. இந்தக் கட்டுரையும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் காரணங்கள் பல என்பது ஒன்றை அளக்காமல் விடுவதற்குக் காரணமாகாது. காற்றையும் ஏற்றவற்றத்தையும் யாராலும் குறைக்க முடியாது. கடற்பாலத்தை இடிக்கப்போவதும் இல்லை. பட்டியலில் மனிதர் கைக்கு எட்டுவது நிலத்திலிருந்து போகும் தீனிதான். அதில் எந்த ஆற்றின் பங்கு எவ்வளவு என்று பிரித்துக்காட்டும் கணக்கு இருந்தால் தவறான இடத்தில் பழி விழாமலும் தடுக்கலாம். தோட்டக்காரருக்கும் தரவு மையத்தாருக்கும் அது அனுகூலமே.

வேலைவாய்ப்பு வருகிற இடத்தில் ஆய்வாளர்கள் முட்டுக்கட்டை போடுகிறார்கள் என்ற முணுமுணுப்பு இன்னொன்று. இதற்கு ஜப்பானின் செத்தோ உள்கடல் நல்ல பதில். 1972-இல் அங்கே ஹரிமா கடற்பகுதியில் நீரைச் சிவக்கவைக்கும் பாசிப் பெருக்கம் ஒரு கோடியே 40 லட்சம் வளர்ப்பு ஹமாச்சி மீன்களைக் கொன்றது. அடுத்த ஆண்டே தனிச்சட்டம் வந்தது. தொழிற்சாலைகளின் கழிவுச் சுமைக்கும், 1980 முதல் பாஸ்பரஸுக்கும் கட்டுப்பாடு வந்தது. 1976-இல் 299 என்று பதிவான பாசிப் பெருக்க நிகழ்வுகள் பிற்காலத்தில் ஆண்டுக்கு நூறு அளவுக்கு இறங்கின. கரையோரத் தொழில்கள் மூடிப்போகவில்லை. கதையின் பிற்பகுதிதான் இன்னும் சுவையானது: சுத்தம் ஒரு கட்டத்தைத் தாண்டியதும் நோரிக் கடற்பாசி சத்தில்லாமல் வெளிறியது, மீன்பிடிப்பும் குறைந்தது. பல்லாண்டு அளவைகள் கையில் இருந்ததால், சில இடங்களில் சத்துகளைக் கொஞ்சம் கூட்டவும் மாகாணங்களுக்கு இடம் தரும்படி 2021-இல் சட்டம் திருத்தப்பட்டது. தொடர்ந்து அளந்தவர்களால்தான் முதலில் இறுக்கவும் பிறகு தளர்த்தவும் முடிந்தது.

ஆய்வு இருந்தென்ன, கேட்க ஆளில்லையே என்பதுதான் எல்லாவற்றிலும் கனமான மறுப்பு. மெராம்போங்கே சாட்சி. கடற்புல் பதிவுகள் கையில் இருந்தபோதே 2014-இல் ஃபாரஸ்ட் சிட்டி என்ற நகரத் திட்டத்துக்காகக் கடலில் மண் கொட்டத் தொடங்கினார்கள்; புல் திட்டின் ஊடாகவே தற்காலிகச் சாலை போட்டார்கள். ஆனாலும் கதை அங்கே முடியவில்லை. வேலை நிறுத்தப்பட்டு, விரிவான சுற்றுச்சூழல் மதிப்பீடு கோரப்பட்டு, 2015 ஜனவரியில் அனுமதி வந்தபோது 1,600 ஹெக்டேருக்கு மேலிருந்த திட்டம் 1,386 ஹெக்டேராகச் சுருங்கியிருந்தது. சிங்கப்பூர் எழுப்பிய கவலைக்கு அதில் பெரும்பங்கு உண்டு, உண்மை. ஆனால் என்ன இருந்தது, என்ன போனது என்று சொல்ல முன்பதிவு இல்லாதிருந்தால் அந்த வாதத்துக்குக் காலே இருந்திருக்காது. மேலும், கொட்டிய மண்ணைத் திரும்ப அள்ள முடியாது; வாய்க்காலில் போகும் பாஸ்பரஸை நாளைக்கும் குறைக்கலாம். மேல்நிலத்து ஆய்வுக்கு இருக்கும் சாதகம் இது.

செய்யவேண்டியது பெரிய செலவில்லாத வேலை. செடெனாக், செனாய், ஸ்கூடாய், முகத்துவாரம் என்று ஸ்கூடாய் ஆற்றின் போக்கில் நான்கு இடங்களில் நீரோட்டமானியும் தானியங்கி மாதிரிக் கருவியும் வேண்டும். மொத்த நைட்ரஜன், மொத்த பாஸ்பரஸ் அளவுகளை மழைநாள்களோடு சேர்த்துப் பதிய வேண்டும். ஆற்று எண்ணும் நீரிணையின் பாசி எண்ணும் ஒரே அட்டவணையில், ஆண்டுதோறும், பொதுமக்கள் பார்க்கும்படி வெளிவர வேண்டும். முனைவர் பட்டத்துக்கு மூன்று ஆண்டு, திட்ட நிதிக்கு இரண்டு ஆண்டு என்று துண்டு துண்டாகப் போகும் இன்றைய முறையில் இது நடக்காது. ஸ்கூடாயின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமே இதை நிரந்தரப் பொறுப்பாக எடுக்க வேண்டும். செடெனாக்கில் தரவு மையங்கள் எழும் தொழிற்பேட்டையின் மிச்ச மனைகளும் நிரம்புவதற்குள் இரண்டு பருவமழைப் பதிவாவது கிடைத்தால்தான் பிறகு ஒப்பிட அடிப்படை இருக்கும். அந்த எண்கள் கைக்கு வந்தால், மேற்கு ஜோகூர் நீரிணையைக் கழிவுநீர் விதிகளின் நோக்கத்துக்கு அடைபட்ட நீர்நிலையாகக் கருதி, அதில் சேரும் ஆறுகளுக்கும் பாஸ்பரஸ் வரம்பை நீட்டும்படி சுற்றுச்சூழல் துறையிடம் கேட்கலாம். அந்தக் கோரிக்கையை எழுதும் தகுதி ஸ்கூடாயில், ஆற்றங்கரைக்குப் பக்கத்திலேயே, ஏற்கெனவே இருக்கிறது.